காக்கைகளைப் பார்த்துவிட்டு என்ன சொல்வது?

இருட்டறை: வாசகர் கேள்வி பதில்

ஓய்வு பெற்ற தமிழாசிரியை, தஞ்சாவூர்: என் மகன் சென்னையில் புகைப்படம் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஜப்பானியப் புகைப்படப் புத்தகத்தை என் மடியில் வைத்து, "பார்த்துட்டுச் சொல்லும்மா" என்றான். மசஹிசா ஃபுகாசே எடுத்த 'காக்கைகள்'. பக்கத்துக்குப் பக்கம் காக்கை, ஒரே இருட்டு, பாதிப் படங்கள் தெளிவாகவும் இல்லை. நாங்கள் தினமும் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவர்கள். எங்களுக்கு அது முன்னோர். இவருக்கு என்னவென்று பிடிபடவில்லை. "நல்லா இருக்குப்பா, ஆனா ஏன் இவ்வளவு கறுப்பு?" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. இப்போது அவனும் தன் மனதைப் பற்றி ஒரு புகைப்பட வரிசை எடுத்துக்கொண்டிருக்கிறானாம். எனக்குத்தான் முதலில் காட்டுவானாம். நான் என்ன சொல்ல வேண்டும்?

டீச்சர், "ஏன் இவ்வளவு கறுப்பு?" என்று கேட்டீர்களே, அந்தப் புத்தகத்தைப் பார்த்தவர் கேட்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான். பையன் முகம் வாடியது அதனால் இருக்காது. அதற்கு முன்னால் வந்த "நல்லா இருக்குப்பா, ஆனா" என்பதால் இருக்கும். அதை எடுத்துவிட்டு, கறுப்பைப் பற்றி மட்டும் கேட்டுப் பாருங்கள். பேச்சை நிறுத்தமாட்டான்.

இருட்டறையில் பிரிண்ட் போட்டே பிழைத்தவன் நான். அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல எனக்கு ஆசை. வெளிச்சம் போதாத இடத்தில், ஃபிலிம் தாங்கும் வேகத்துக்கு, அதாவது ஒளியை வாங்கும் திறனுக்கு, மேலே வைத்து எடுத்துவிட்டு, கழுவும்போது டெவலப்பர் ரசாயனத்தில் கூடுதல் நேரம் விடுவோம். 'புஷ்' பண்ணுவது என்று பேர். நிழலில் இருந்த விவரம் நெகட்டிவில் ஏறவே ஏறாது. வெளிச்சம் பட்ட இடம் மட்டும் கெட்டிப்படும், கிரெயின் என்கிற பொடிப்புள்ளிகள் தடித்துவிடும். அந்த நெகட்டிவை, கறுப்பு வெள்ளையை அழுத்திக் காட்டும் ஹார்டு பேப்பரில் போட்டால் நடுவில் இருக்கிற சாம்பல் வண்ணங்களும் போய்விடும். மிஞ்சுவது கறுப்பு, வெள்ளை, மணல்மணலாகக் கிரெயின். கல்யாண வீட்டுக்கு இப்படி ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் முகத்திலேயே வீசுவார்கள். ஃபுகாசேவுக்கு இது தெரியாததல்ல. ஸ்டூடியோக் குடும்பத்தில் பிறந்தவர், பல்கலைக்கழகத்தில் புகைப்படம் படித்தவர். தெரிந்தேதான் செய்தார்.

ஏன் செய்தார் என்று படத்திலேயே தெரிகிறது. வானம் நிறையக் காக்கை பறக்கிற படங்களைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். கூட்டத்தின் ஓரத்துக்குப் போகப்போகப் பறவை சிறுத்து, கடைசியில் எது காக்கை, எது கிரெயின் என்று பிரிக்க முடியாமல் போகிறது. வெளியே பார்த்ததும் உள்ளே கிடந்ததும் ஒரே காகிதத்தில் கலந்துவிட்டன. மனதைப் படமெடுப்பது என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது நடக்கிற இடம் இந்த மாதிரிச் சின்ன இடம்தான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எடுத்துக்கொள்கிற படத்தில் அது நடப்பதில்லை.

இன்னொரு படம். கனசாவா நகரத்தில் ராத்திரி எடுத்தது. இலை உதிர்ந்த மரம், கிளைக்குக் கிளை காக்கை. ஃபிளாஷ் அடித்திருக்கிறார். உடம்பெல்லாம் இருட்டோடு போய்விட்டது. கண்கள் மட்டும் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து வெள்ளைப் புள்ளிகளாக நிற்கின்றன. காக்கைகளைப் பார்க்கப் போன மனிதரை மரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்ட எப்போதும் நேரமாகும்.

அப்புறம் காக்கையே இல்லாத படங்களும் நடுநடுவே வரும். அவற்றை விட்டுவிடாதீர்கள். படகின் மேல்தளத்தில் இளம்பெண்கள் நிற்க, கடற்காற்றில் கூந்தல் தாறுமாறாகப் பறக்கிற படம் நினைவிருக்கிறதா? 1976இல் எடுத்தது. அன்றைக்கு டோக்கியோவிலிருந்து ஹொக்கைடோ தீவுக்கு ரயிலில் போனால் அமோரியோடு தண்டவாளம் தீர்ந்துவிடும். அங்கிருந்து செய்கான் படகில் கடலைக் கடக்க வேண்டும். கடலுக்கடியில் சுரங்கப்பாதை திறந்தது 1988இல்தான். ஃபுகாசே பிறந்த பிஃபுகா அந்தத் தீவின் வடக்கே, பனி கொட்டுகிற ஊர். ஆக, அது ஊருக்குப் போகும் பாதையில் கிடைத்த படம். தனியாக ஃபிரேம் போட்டு மாட்டினால் ஒரு பயணப் படம், அவ்வளவுதான். ஆனால் காக்கைகளைப் பார்த்த கண்ணோடு வந்து அதைப் பார்க்கும்போது கூந்தல் இறகாகிவிடுகிறது. வரிசை என்பது செய்கிற வேலை இது. அதனால்தான் இத்தகைய படங்களைப் பற்றி ஒவ்வொன்றாக மார்க் போட முடியாது. முன்னது பின்னதற்கு என்ன செய்தது என்றுதான் பேச முடியும்.

முன்னோர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காக்கைகளில் பல நம் ஊர் அண்டங்காக்கையின் நெருங்கிய உறவு. கழுத்தில் சாம்பல் பூசிய நம் வீட்டுக் காக்கையைவிடப் பெரியது, அலகு தடித்தது. ஜப்பானியருக்கும் காக்கையைப் பற்றித் தொன்மம் உண்டு. மூன்று கால் காக்கையைக் குமானோ கோயில்களில் தெய்வத்தின் தூதாக வணங்குகிறார்கள். உங்கள் முன்னோரும் அவர்கள் தூதரும் முதல் பார்வைக்கு வேண்டாம். அவை பொய் என்பதற்காகச் சொல்லவில்லை. அர்த்தம் முன்னாலேயே கையில் இருந்தால் கண் வேலை செய்யாது, 'தெரியும், தெரியும்' என்று பக்கத்தைப் புரட்டிவிடும். இரண்டாம் தடவை பார்க்கும்போது முன்னோரையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். பனியில் பசியோடு கூடியிருக்கிற அந்தக் கூட்டத்தைப் பார்த்துத் தினமும் சோறு வைக்கிற கைக்கு என்ன தோன்றுகிறது என்பதை உங்கள் மகனுக்கு வேறு யாராலும் சொல்ல முடியாது. அது அவன் வகுப்பில் கிடைக்காத பதில்.

2010இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஃபோட்டோகிராஃபி இதழ் நிபுணர்களிடம் கேட்டபோது, முந்தைய 25 ஆண்டுகளின் ஆகச் சிறந்த புகைப்பட நூலாக அவர்கள் தேர்ந்தது இதைத்தான். அதற்காக உங்களுக்குப் பிடித்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மகன் தன் படங்களோடு வரும்போது, டீச்சர், உடனே வாயைத் திறக்காதீர்கள். அமெரிக்காவில் மைனர் வைட் என்ற புகைப்பட ஆசிரியர் இருந்தார். மாணவர்களைக் கண்மூடி உடம்பைத் தளர்த்தி உட்காரவைத்து, பிறகு கண்ணைத் திறந்து ஒரே படத்தை நெடுநேரம் பார்க்கச் சொல்வார். பேச்சு அதற்கப்புறம்தான். நீங்களும் ஒரு சுற்று மௌனமாகப் பாருங்கள். இரண்டாம் சுற்றில் கை எங்கே நிற்கிறதோ அந்தப் படத்தை எடுத்து வெளியே வையுங்கள். "இந்த இடத்துல நின்னுட்டேன்பா. இதுல இந்த மூலை கண்ணை இழுக்குது" என்று சொல்லுங்கள். எங்கே சலித்ததோ அதையும் அதே குரலில் சொல்லுங்கள். 'இதற்கு என்ன அர்த்தம்' என்று அவனைக் கேட்க வேண்டாம். 'இதை எடுக்கும்போது எங்கே நின்றிருந்தாய், என்ன நேரம், அப்புறம் எங்கே போனாய்' என்று கேளுங்கள். பையன்கள் மனதைக் கேட்டால் மூடிக்கொள்வார்கள், இடத்தைக் கேட்டால் கதவு திறக்கும்.

வாசகர், கோயம்புத்தூர்: 'மனைவி பிரிந்த துக்கத்தில் எடுத்தது' என்றுதான் ஃபுகாசேவின் காக்கைகளைப் பற்றி எங்கும் எழுதுகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டால் படங்கள் புரிந்துவிடுமா?

தேதி பொருந்துகிறது. யோகோவை மணந்தது 1964, மணமுறிவு 1976. காக்கைப் படங்கள் அதையொட்டித் தொடங்கி, கேமரா மைனிச்சி என்ற இதழில் 1982 வரை பகுதி பகுதியாக வந்தன. 1986இல் புத்தகம். ஆனால் அந்த ஒரு வரியோடு உள்ளே போனால், ஒவ்வொரு காக்கையும் 'பாவம், பெண்டாட்டி போய்விட்டாள்' என்றே கத்தும். வேறெதுவும் காதில் விழாது. இந்த மனிதர் 1961லேயே பன்றி அறுக்கும் கூடத்தில் எடுத்த படங்களை வைத்துக் கண்காட்சி நடத்தியவர். இருட்டு அவருக்கு மணமுறிவோடு வந்து சேர்ந்ததல்ல.

யோகோவைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் யோகோ என்ன சொன்னார் என்று கேட்பதில்லை. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. 1973இல் ஃபுகாசே ஒரு வரிசை எடுத்தார். அடுக்குமாடி வீட்டின் நான்காம் தளத்து ஜன்னலில் நின்றுகொண்டு, காலையில் யோகோ வேலைக்குக் கிளம்பிப் போகும்போது மேலேயிருந்து கிளிக். ஒரு நாள் கிமோனோ, ஒரு நாள் கோட்டு, ஒரு நாள் குடை. ஒரு படத்தில் சிரிப்பார், இன்னொன்றில் முகத்தைக் கோணிக்கொண்டு கேலி காட்டுவார், வேறொன்றில் ஏதோ கத்துவார். பார்க்கும்போது மனது நிறைகிறது. இப்படி ஒரு கணவன், இப்படி ஒரு மனைவி என்று தோன்றும்.

அதே வருஷம் யோகோ ஒரு கட்டுரை எழுதினார். சேர்ந்து வாழ்ந்த பத்து வருஷமும் இவர் என்னை லென்ஸ் வழியாகத்தான் பார்த்தார், என்னை எடுத்த படங்கள் எல்லாமே ஐயமில்லாமல் அவரைப் பற்றிய படங்கள்தான் என்பது அதன் சாரம்.

ஒரு புகைப்படக்காரரின் அகத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடக் கூர்மையான விமர்சனம் எதையும் நான் படித்ததில்லை. எழுதியவர் வெளியே நின்ற விமர்சகர் இல்லை. படத்துக்குள்ளே நின்றவர், குடையோடு மேலே பார்த்துச் சிரித்தவர். படத்தின் அழகை அவர் மறுக்கவில்லை. அந்த அழகு யாருடையது என்று சொன்னார். மறு வருஷம், 1974இல், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் ஜப்பானின் புதிய புகைப்படங்களைத் திரட்டிக் காட்டியபோது அதில் ஃபுகாசேவும் இருந்தார். வெளியே அங்கீகாரம் வந்துகொண்டிருந்த நேரத்தில் வீட்டுக்குள்ளே இந்த உண்மை பேசப்பட்டுவிட்டது.

காக்கைகளை நான் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வைத்துப் பார்க்கிறேன். என் கருத்துதான், யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. 'என்னை எடுக்கிறேன் என்று உன்னையே எடுக்கிறாய்' என்று யோகோ சொல்லிவிட்டுப் போன பிறகு, ஃபுகாசே முதன்முறையாக நடுவில் ஒரு மனுஷியை நிறுத்தாமல் தன்னை எடுக்கிறார். காக்கைக்கு அதில் ஆட்சேபணை இல்லை. வரிசை முடிகிற காலத்தில், தானே காக்கையாகிவிட்டதாக எழுதிவைத்தார் என்பார்கள். துக்கம் அதில் இருக்கிறது, நிச்சயம் இருக்கிறது. அதோடு ஒரு நேர்மையும் இருக்கிறது. பிரிவுத் துயரம் என்று மட்டும் சொல்லிவிட்டால் அந்த நேர்மை கண்ணில் படாது.

1992 ஜூனில், டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் தான் வழக்கமாகப் போகும் மதுக்கடையின் படிக்கட்டில் விழுந்து ஃபுகாசேவுக்குத் தலையில் அடிபட்டது. அதன்பின் நினைவு தெளியவே இல்லை. 2012இல் இறக்கும்வரை, இருபது வருஷம், கேமராவைத் தொடவில்லை. யோகோ மறுமணம் செய்துகொண்டிருந்தவர். ஆனாலும் பராமரிப்பு இல்லத்துக்குப் போய் அவரைப் பார்த்து வந்தார்.

வாசகர், திருநெல்வேலி: அப்பா ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் காலமாகி, கடையையும் மூடிவிட்டோம். மூடிய கடைக்குள் போய் நான் எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன. பார்த்தவர்கள் எல்லோரும் 'அப்பாவை நினைச்சா கஷ்டமா இருக்கு' என்றுதான் சொல்கிறார்கள், படத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. யாரிடம் காட்டுவது?

தம்பி, உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். சொந்தக்காரர்கள் அப்பாவைத்தான் பார்ப்பார்கள், அது அவர்கள் உரிமை. அவர்களிடம் படத்தைப் பற்றிய பேச்சை எதிர்பார்க்காதீர்கள். அப்பாவைத் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். அவர் கண்ணில் நீர் வந்தால் அது படத்தால் வந்தது.

உங்களுக்கு நான் ஃபுகாசேவின் இன்னொரு வரிசையைத்தான் சொல்வேன். 'குடும்பம்'. பிஃபுகாவில் அவர் தாத்தா தொடங்கிய ஸ்டூடியோ, அப்பா நடத்தினார், தம்பி தொடர்ந்தார். மூத்தவரான ஃபுகாசே டோக்கியோவுக்கு ஓடிவிட்டவர். 1971லிருந்து ஊருக்கு வரும்போது குடும்பத்தை அதே ஸ்டூடியோவில், அதே பழைய பெட்டிக் கேமரா முன்னால் வரிசையாக நிறுத்தி எடுத்தார். உங்கள் அப்பா கடையிலும் அப்படி ஒரு கேமரா இருந்திருக்கும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் கண்ணாடித் தகட்டில் எல்லோரும் தலைகீழாக நிற்பார்கள்.

முதலில் பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். எல்லோரும் நேராக நிற்க, யோகோ இடுப்புக்கு மேலே துணியில்லாமல் நிற்பார். ஒரு படத்தில் குடும்பத்தினர் கேமராவுக்கு முதுகைக் காட்டுவார்கள். வேறு படங்களில் அந்த இடத்தில் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத பெண்கள் வந்து நிற்கிறார்கள். பக்கம் போகப்போக அப்பா மெலிகிறார். 1987இல் அவர் இறந்துவிட, அடுத்து வரும் குடும்பப் படத்தில் அவர் சட்டம் போட்ட படமாக இருக்கிறார். 1989இல் ஸ்டூடியோவும் மூடப்படுகிறது. வரிசை அங்கே நிற்கிறது.

இதில் எங்கேயும் அழுகிற முகம் கிடையாது. ஒரே சுவர், ஒரே தரை, ஒரே வெளிச்சம். மாறாததை அவ்வளவு பிடிவாதமாக வைத்திருந்ததால் மாறியது தெரிகிறது. உங்கள் படங்களைத் தரையில் பரப்பி, எது எல்லாவற்றிலும் மாறாமல் இருக்கிறது என்று தேடுங்கள். ஒரு ஸ்டூலா, பின்திரையா, லைட் ஸ்டாண்டா? அது கிடைத்தால், அது இல்லாத படங்களை இரக்கமில்லாமல் எடுத்துவிடுங்கள், அவை எவ்வளவு அழகாக இருந்தாலும். அப்பாவின் நாற்காலியில் மாலை வெயில் விழுகிற படம் ஒன்று இருந்தே தீரும். முதலில் அதை நீக்குங்கள்.

வாசகி, மதுரை: கைப்பேசியில் இந்த மாதிரித் தீவிரமான வரிசை எடுக்க முடியுமா?

தாராளமாக. ஃபுகாசே கடைசியாகச் செய்த வேலைகளில் ஒன்று, 1991இல், வீட்டுக் குளியல் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் புகாத கேமராவைக் கையை நீட்டிப் பிடித்துத் தன் முகத்தையே எடுத்தது. பாதி முகம் நீருக்குள், மூக்கிலிருந்து குமிழ்கள். இன்றைய பேச்சில் செல்ஃபி. ஒன்று மட்டும் சொல்வேன்: பார்க்கத் தருவதற்கு முன் சின்ன அளவிலாவது பிரிண்ட் போடுங்கள். திரையில் தள்ளிவிட்டுப் போகிறவர்கள், காகிதம் கைக்கு வந்தால் நின்று பார்க்கிறார்கள்.

வாசகர், சேலம்: நெருங்கிய நண்பன் ஒருவன் கொஞ்ச நாளாகத் தன் அறையை, காலியான கட்டிலை, அணைந்த விளக்கை எல்லாம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்புகிறான். படங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இதைக் கலையாகப் பார்ப்பதா, வேறு மாதிரிப் பார்ப்பதா?

இரண்டையும் செய்யுங்கள், ஆனால் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல். இருட்டான படம் எடுக்கிறவர் எல்லோரும் ஆபத்தில் இருப்பவர் இல்லை. இருட்டை எடுத்து வெளியே வைக்க முடிந்ததால் தேறியவர்கள் நிறையப் பேர். ஆனால் உங்களுக்கு மட்டும் அனுப்புகிறான், உங்களுக்குப் பயம் வருகிறது, இந்த இரண்டும் போதும். படத்துக்குக் கீழே எதையும் எழுதி அனுப்பாதீர்கள். இன்றைக்கே போன் போடுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். "படம் பார்த்தேன். நீ எப்படிடா இருக்கே? சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 'ஆமாம்' என்றால் தனியாக விடாமல் கூடவே இருங்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நீங்களும் அதில் கூப்பிட்டு, அவனை எப்படி அணுகுவது என்று கேட்கலாம்.

அவன் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து இயல்பாகப் பேசுகிற ஒரு நாளில், அந்தக் காலிக் கட்டில் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு விளக்கைப் பற்றியும் நிழலைப் பற்றியும் பேசுங்கள். அப்போது எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். படம் பார்த்து அவனுக்கு நானே கடிதம் எழுதுகிறேன்.